ஒரே மருத்துவர், இரண்டு முத்திரைகள்

ஒருவரைக் கண்டதும் அவர்மீது குத்த மனத்தில் முத்திரைகள் பல காத்திருக்கின்றன: இனம், பாலினம், தொழில், வயது. எல்லாம் ஒன்றாக எழுவதில்லை. அந்த நேரத்தில் மனம் நாடும் முடிவுக்கு உதவுவது எழுகிறது, இடைஞ்சலானது அமுக்கப்படுகிறது. அமுக்கியவருக்கே அது தெரியாது. இதுவே நனவிலித் தடுப்பு.

1995-இல் நீல் மெக்ரே குழுவினர் ஒரு சீனப் பெண்ணின் காணொளியைக் காட்டிச் சோதித்தனர். ‘பெண்’ என்ற எண்ணம் தூண்டப்பட்டவர்கள், சீனர்களைப் பற்றிய வழக்கமான சொற்களை அடையாளம் காண மற்றவர்களைவிடத் தாமதித்தனர். ஒரு முத்திரை எழ, மற்றது ஒடுங்கியது.

அந்த ஒடுக்கத்தை இயக்குவது எது? கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்து லிசா சின்க்ளேரும் ஜீவா குண்டாவும் 1999-இல் விடை காட்டினர். கறுப்பின மருத்துவர் ஒருவர் மாணவர்களை மதிப்பிடுவதாக ஏற்பாடு. அவர் பாராட்டியவர்கள் மனத்தில் ‘மருத்துவர்’ என்ற மதிப்பு எழுந்தது. கறுப்பினத்தார் பற்றிய இழிவான எண்ணம் ஒடுங்கியது. அவர் குறை சொன்னவர்களிடமோ இழிவான எண்ணம் எழுந்தது. மருத்துவர் என்ற மதிப்பு ஒடுங்கியது. அதே மருத்துவர், அதே படிப்பு, அதே குரல்! மாறியது எதிரே இருந்தவரின் தேவைதான். பாராட்டை நம்ப வேண்டுமானால் அவர் பெரியவர்; குறையைத் தள்ள வேண்டுமானால் அவர் சிறியவர். அந்த மருத்துவர் இதற்காகச் செய்த பிழை ஒன்றுமில்லை.

ஆசிரியைகளும் இதே விலையைக் கொடுக்கிறார்கள். 2000-இல் சின்க்ளேரும் குண்டாவும் வெளியிட்ட ஆய்வில், குறைந்த மதிப்பெண் பெற்ற மாணவர்கள் ஆசிரியர்களைவிட ஆசிரியைகளைத் திறமை குறைந்தவர்களாக மதிப்பிட்டனர். நல்ல மதிப்பெண் கிடைத்த இடத்தில் அந்த வேறுபாடு இல்லை. மாணவர் மதிப்பீட்டைப் பார்த்துப் பதவி உயர்வு தரும் நிறுவனங்களில், கண்டிப்பாகத் திருத்தும் பெண்ணுக்கு இது நேரடி அநீதி.

‘அப்படி நினைக்காதே’ என்ற கட்டளை மட்டும் போதாது. மொட்டைத்தலை இளைஞர் கும்பலைச் சேர்ந்த ஒருவரைப் பற்றி முன்முடிவின்றி எழுதும்படி 1994-இல் மெக்ரே குழு சிலரிடம் சொன்னது. அவர்கள் முன்முடிவை அடக்கி எழுதினார்கள். பிறகு, அந்த இளைஞர் அமர்ந்திருந்ததாக நம்பிய நாற்காலியிலிருந்து மற்றவர்களைவிடத் தள்ளி உட்கார்ந்தார்கள்.

நெடுங்காலமாகச் சமத்துவத்தையே நோக்கமாகக் கொண்டவர்களின் நிலை வேறு. 1999-இல் கார்டன் மாஸ்கோவிட்ஸ் குழு ஆராய்ந்த ஆண்களில், அந்த நோக்கம் ஊறியவர்களிடம் பெண்களைப் பற்றிய முத்திரை எழவே இல்லை. விழிப்புநிலையில் கட்டுப்படுத்த நேரமே இல்லாத நொடிப்பகுதியில் அது தடுக்கப்பட்டது. அந்த நோக்கம் ஊறாத ஆண்களிடம், அதே நொடிப்பகுதியில், முத்திரை எழுந்தது.