எழும்பூருக்குப் போக முடியாத ராத்திரி

மழைக்காலம் வந்தாலே ஏரி, மதகு, கால்வாய்னு பேசுவோம். இன்னைக்கு ஆஸ்பத்திரியைப் பத்திப் பேசலாம். ஒரு பேரிடர் நாளில் ஒரே நேரத்தில் இருபது முப்பது குழந்தைகள் வந்து இறங்கினால், தாம்பரம் பக்கத்து மருத்துவமனைகள் என்ன செய்யும்? நான் இந்தப் பகுதியில் ஒரு நடுத்தர மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவு டாக்டர். அதனால இது எனக்கு வெறும் தலைப்பு இல்லை.

எங்க பக்கம் ஒரு வழக்கம் உண்டு. குழந்தைக்கு நிலைமை மோசம்னா, "எழும்பூருக்கு எழுதிக் கொடுத்துடுங்க சார்" என்பார்கள். சாதாரண நாளில் அது சரியான முடிவுதான். எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையில் இருக்கும் அனுபவம் வேறெங்கும் சுலபத்தில் கிடைக்காது. ஆனா அந்த முடிவுக்கு ரோடு வேணும்.

2015 டிசம்பர் 2 காலை வரைக்குமான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கத்தில் 47. ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி தண்ணீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் மூழ்கின. சைதாப்பேட்டையில் மறைமலை அடிகள் பாலத்தின் மேலேயே தண்ணீர் வந்து, போக்குவரத்தை நிறுத்தினார்கள். மேப்பை எடுத்துப் பாருங்க. தாம்பரத்துல இருந்து எழும்பூருக்கு எந்த வழியாப் போனாலும் அடையாற்றைத் தாண்டித்தான் ஆகணும். இந்தப் பக்கம் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சுமார் 30 கிலோமீட்டர். பெருங்களத்தூர் பக்கம் ஜி.எஸ்.டி. ரோட்டில் தண்ணீர் ஏறினால் அதுவும் எட்டாது. அப்போ குழந்தையை அப்பா தோளில் தூக்கிக்கொண்டு பக்கத்தில் விளக்கு எரியும் நர்சிங் ஹோமுக்குத்தான் வருவார். அது எலும்பு முறிவு ஆஸ்பத்திரியா, பிரசவ ஆஸ்பத்திரியான்னு அவர் போர்டு பார்க்க மாட்டார்.

ஆகவே, குழந்தை டாக்டரே இல்லாத மருத்துவமனையும் முதல் ஆறு மணி நேரத்துக்குத் தயாரா இருக்கணும். இதுக்கு ஆகுற செலவு நீங்க நினைக்கிற அளவுக்கு இல்லை.

முதல்ல எடை. குழந்தைக்கு எந்த மருந்தும் கிலோ கணக்கில்தான். நனைந்து மயங்கி வரும் குழந்தையை மெஷினில் நிறுத்த முடியாது. ஒரு வயதுக்கு மேல், வயதோடு நாலைக் கூட்டி இரண்டால் பெருக்கினால் உத்தேச எடை வரும். ஐந்து வயதுன்னா 18 கிலோ. உயரத்தை வைத்து எடை சொல்லும் கலர் டேப்பும் இருக்கு. வெளிநாட்டுக் குழந்தைகளை வைத்துச் செய்தது என்பதால், நம்ம ஊர்க் குழந்தைகளுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும். அதைத் தெரிஞ்சுக்கிட்டுப் பயன்படுத்தலாம். அதைவிட, முக்கியமான மருந்துகளுக்கு 5, 10, 15, 20 கிலோவுக்கு எத்தனை மில்லி என்று ஒரு அட்டையில் எழுதி சுவரில் ஒட்டுங்க. ராத்திரி மூணு மணிக்கு, கரண்ட் இல்லாதப்போ, யாரும் கணக்குப் போடக் கூடாது.

அடுத்தது யாரை முதல்ல பார்க்கிறது. பெரியவர்களுக்கான முறையில், நிமிடத்துக்கு 30 முறைக்கு மேல் மூச்சு வாங்கினால் சிவப்பு. ஆனா கைக்குழந்தை நல்லா இருக்கும்போதே 40 முறை மூச்சு விடும். அதே முறையில், மூச்சுப் பாதையைச் சரிசெய்த பிறகும் மூச்சு வராதவரை, இனி காப்பாற்ற முடியாதவர் என்று கறுப்பில் ஒதுக்கிவிடுவார்கள். குழந்தைக்கு அப்படிச் செய்யக் கூடாது. நாடி இருந்தால் முதலில் ஐந்து முறை மூச்சு கொடுத்துப் பார்க்கணும். குழந்தைகளுக்கு பெரும்பாலும் மூச்சு நின்ற பிறகுதான் இதயம் நிற்கிறது. நடுவில் கிடைக்கும் அந்தச் சில நிமிடம்தான் நமக்கான வாய்ப்பு. 'ஜம்ப்ஸ்டார்ட்' என்ற முறை இதற்காகவே வந்தது. ஒரு மதியத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

நாங்க ஒரு ஒத்திகை பார்த்தோம். ஊழியர்களோட பிள்ளைகள் பன்னிரண்டு பேரை நோயாளியா வரவழைச்சோம். (அவங்களுக்கு ஒரே கொண்டாட்டம், கட்டு போட்டுக்கொண்டு ஐஸ்கிரீம் கேட்டார்கள்.) குழந்தைகளுக்கான ஆக்சிஜன் மாஸ்க், சின்ன ஆம்பு பேக், மஞ்சள், நீல வென்ஃப்ளான் எல்லாமே இருந்தது. எங்கே? ஸ்டோர் ரூம்ல, பூட்டின பீரோவில். சாவி வைத்திருந்தவர் டியூட்டி முடிந்து ஊரப்பாக்கம் போயிட்டார். இப்போ அதெல்லாம் கேஷுவால்ட்டியில் பூட்டு இல்லாத ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் இருக்கு. கூடவே போர்வை, உலர்ந்த துணி. நனைந்த குழந்தை பெரியவர்களைவிட ரொம்ப சீக்கிரம் உடல் சூட்டை இழக்கும்.

ஜெனரேட்டர் எங்கே இருக்குன்னும் பாருங்க. 2015-ல் மணப்பாக்கத்தில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனைக்குள் வெள்ளம் புகுந்து மின்சாரம் போனதும், ஐ.சி.யூ. நோயாளிகள் இறந்ததும், காரணம் குறித்து வந்த சர்ச்சையும் உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் பகுதியில் இன்னும் எத்தனையோ ஜெனரேட்டர்கள் தரைத்தளத்தில்தான்.

இனி நான் சொல்லப்போறதுதான் எனக்குப் பெரிய கவலை. தனியா வரும் குழந்தை. பள்ளி நேரத்தில் ஏதாவது நடந்தால் குழந்தைகள் பெற்றோர் இல்லாமல்தான் வருவார்கள். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16-ல் பள்ளித் தீவிபத்தில் 94 குழந்தைகளை இழந்தோம். அது ஒரு காலை வேளை, பள்ளி நடந்துகொண்டிருந்த நேரம். அந்த மாதிரி நாளில் ஆஸ்பத்திரி வாசலில் நூற்றுக்கணக்கான பெற்றோர் நிற்பார்கள். உள்ளே பேர் சொல்லத் தெரியாத, சொல்ல முடியாத பிள்ளைகள். தாம்பரம் பக்கம் கட்டட வேலைக்கு வந்த ஒடிசா, பீகார் குடும்பங்கள் நிறைய. அந்தக் குழந்தைக்கு "அப்பா பேர் என்ன கண்ணு?" என்பதே புரியாது.

அதனால வந்த உடனே கையில் ஒரு எண். அம்மாவோ அப்பாவோ கூட வந்தால், அவர் கையிலும் அதே எண். தனியா வந்தால் ஒரு போட்டோ, எங்கிருந்து யார் கொண்டு வந்தார்கள், என்ன உடை, எல்லாம் ஒரே நோட்டில். சிகிச்சை பார்க்காத ஓர் ஊழியர் அந்தக் குழந்தைகள் கூடவே இருக்கணும். "நான் மாமா" என்று வந்து கேட்டதும் கையில் கொடுத்து அனுப்பக் கூடாது. குழந்தை அவரைப் பார்த்ததும் என்ன செய்கிறது என்றும் கவனிக்கணும். யாரும் வரலைன்னா 1098-க்குச் சொல்லி, குழந்தைகள் நலக் குழு மூலமாகத்தான்.

வெள்ளம் வடிந்த பிறகு இன்னொரு கூட்டம் வரும்: வயிற்றுப்போக்கு, காய்ச்சல். 2024 டிசம்பரில் பல்லாவரம் பக்கம் வாந்தி, வயிற்றுப்போக்குன்னு ஒரே சமயத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் குரோம்பேட்டை அரசு மருத்துவமனைக்கு வந்தார்கள்; உயிரிழப்பும் இருந்தது. குடிநீர்தான் காரணமா என்பதில் வாக்குவாதம் நடந்தது. ஆஸ்பத்திரி அந்த வாக்குவாதம் முடியும்வரை காத்திருக்க முடியாது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட், துத்தநாக மாத்திரை, கலக்க நல்ல தண்ணி, ஊட்டித் தர இரண்டு மூணு பேர் இருந்தால் பாதிக் குழந்தைகளுக்கு டிரிப்ஸே தேவைப்படாது. ஒரு வேண்டுகோள்: நிவாரண முகாம்ல பால் பவுடர் டப்பாவை எல்லாருக்கும் அள்ளிக் கொடுக்காதீங்க. தாய்ப்பால் குடிக்கிற குழந்தை வெள்ளத் தண்ணியில் கலந்த பாலுக்கு மாறினால் நேராக எங்க வார்டுக்குத்தான் வரும்.

கேட்டுக்கிட்டிருக்கிற பெற்றோருக்கு ஒரு வேலை. குழந்தையின் இப்போதைய எடை, ரத்த வகை, ஒவ்வாமை, தினமும் சாப்பிடுற மாத்திரை, உங்க இரண்டு பேர் நம்பர். ஒரு சீட்டில் எழுதி, ஸ்கூல் பையில் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைங்க. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடையை மாத்தி எழுதுங்க. நர்சிங் ஹோம் நடத்துகிறவர்கள் யாராவது கேட்டால், அந்த மருந்து அட்டையை எப்படித் தயாரிக்கலாம் என்று எழுதிக் கேளுங்க, அடுத்த எபிசோட்டில் அதையே எடுத்துப் பேசலாம்.