நீராவி மின்னழுத்தியும் வன்னீரும்

திங்கட்கிழமை காலை, பாடசாலைக்குப் புறப்படும் பிள்ளையின் வெள்ளைச் சட்டையை அவசரமாக அழுத்துகையில், மின்னழுத்தியிலிருந்து பழுப்பு நீர் சொட்டுச் சொட்டாக விழுகின்றது. பழி சவர்க்காரத்தின்மீது விழும். சில வீடுகளில், சட்டையைத் துவைத்த மூத்த மகளின்மீதும் விழுவதுண்டு. குற்றம் பெரும்பாலும் மின்னழுத்தியின் வயிற்றினுள்ளேயே இருக்கின்றது.

சிரட்டைக்கரி இட்ட பழைய பெட்டிக்குச் சாம்பலைத் தட்டினாற் போதுமாயிருந்தது. நீராவி மின்னழுத்தியோ நீர் உண்ணும் கருவி. தொட்டியிலுள்ள நீர் துளித்துளியாகச் சூடான அறையொன்றில் இறங்கி, அக்கணமே ஆவியாகி, அடித்தகட்டின் துவாரங்கள் வழியே வெளியேறுகின்றது. நீர் போய்விடும், அதிற் கரைந்திருந்தவை போவதில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அதனூடே ஊறிவரும் கிணற்று நீர் கல்சியம் உப்புக்களைக் கரைத்துக்கொண்டு வன்னீராகின்றது. கேத்தலின் அடியில் வெண்மையாகப் படியும் படிவை அங்குள்ளோர் நன்கறிவர். அதே படிவுதான் மின்னழுத்தியின் துவாரங்களை அடைத்துப் பின்னர் உதிர்ந்து துணியில் விழுகின்றது. லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களின் நீரைப் பெறும் கொழும்பு வீட்டில் பல்லாண்டு உழைத்த கருவி, யாழ்ப்பாணம் வந்து சில மாதங்களில் அடைபட்டால் வியப்பதற்கில்லை.

கிணற்று நீரை நன்கு கொதிக்கவைத்து, ஆறவிட்டு, அடியிற் படிந்ததைக் கலக்காது மேல்நீரை மட்டும் துணியில் வடித்தெடுத்தால் வன்மையில் ஒரு பகுதி நீங்கும், முழுவதும் நீங்காது. காய்ச்சி வடித்த நீர் கலப்பதாயின், கருவியுடன் வந்த கைந்நூல் கூறும் அளவே சரியான அளவு. வாசனைத் திரவியமோ கஞ்சியோ தொட்டியிற் சேரலாகாது. வினாகிரி படிவைக் கரைக்கும் என்பது உண்மையே. ஆனால் அலுமினிய அறையையும் அது அரிக்குமாதலால், கைந்நூல் அனுமதித்தாலன்றி அதனைத் தவிர்த்தலே நன்று.

இவை எல்லாவற்றினும் பெரிய தவறு, வேலை முடிந்தபின் மிச்ச நீரை உள்ளேயே விட்டுவைப்பது. செருகியைக் கழற்றி, சூடு ஆறுமுன் நீரைக் கவிழ்த்துவிட்டால், எஞ்சிய வெப்பமே உள்ளறையை உலர்த்திவிடும். நீர் நிரப்பும்போதும் செருகி கழன்றிருத்தல் வேண்டும். வெப்பம் ஏறுமுன் நீராவிக் குமிழைத் திருப்பினால் நீர் ஆவியாகாமல் ஒழுகும். அதற்குக் கருவியைக் குறைகூறுதல் நியாயமன்று.

அடித்தகட்டில் கஞ்சி கருகி ஒட்டினால், கருவி ஆறியபின் அப்பச்சோடாவைச் சிறிது நீரிற் குழைத்து மென்துணியால் துடைக்கலாம். துவாரத்துள் அது புகலாகாது. பூச்சுள்ள தகட்டிற்கு ஈரத்துணியே போதும். மணற்றாளும் கத்தியும் எத்தகட்டிற்கும் ஆகா.

சூடான உடலைச் சுற்றி வடத்தை இறுக்குவது பலரது வழக்கம். அதனால் உறை இளகி, உள்ளிருக்கும் செப்புக்கம்பி முறிகின்றது. 230 வோல்ற்று ஓடும் வடத்தில் உறை வெடித்திருந்தால் ஒட்டுநாடா சுற்றிச் சமாளிக்கலாகாது. மின்வினைஞரிடம் கொடுத்து முழு வடத்தையும் மாற்றும்வரை அக்கருவி அலுமாரியிலேயே இருக்கட்டும்.