புது வண்டியின் வண்ணப் பூச்சு



ஒரு வீட்டிற்குப் புதிய கார் வந்து சேரும் நாள் திருநாளுக்கு ஒப்பானது. சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்தும், சந்தனமும் குங்குமமும் இட்டும், மாலை சூட்டியும் அதனை வரவேற்கிறோம். பல ஆண்டுச் சேமிப்பும், இன்னும் பல ஆண்டுகள் கட்ட வேண்டிய தவணையும் சேர்ந்து உருப்பெற்ற பொருள் அன்றோ அது! அதன் மேனி மங்காமல் இருக்க வேண்டுமென்று வீட்டார் விரும்புவது இயல்பே. ஆயினும், காக்க நினைக்கும் கைகளே பெரும்பாலும் அம்மேனியைக் கெடுத்துவிடுகின்றன. அது எவ்வாறு நிகழ்கிறது என்பதையே இன்று ஆராயப் போகிறோம்.

முதலில், நாம் காக்க விரும்பும் பொருள் யாது என்பதை அறிதல் வேண்டும். காரின் வண்ணம் ஒரே பூச்சு அன்று. தொழிற்சாலையில் எஃகு உடலை நன்கு கழுவி, பாஸ்பேட்டு போன்ற உப்புக் கரைசலால் பதப்படுத்துவர். பின்னர் அதனைப் பெருந்தொட்டி ஒன்றில் அமிழ்த்தி மின்சாரம் செலுத்துவர். நீரில் கலந்துள்ள பூச்சுத் துகள்கள் மின்கவர்ச்சியால் இழுக்கப்பட்டு, கை எட்டாத இடுக்குகளிலும் சென்று படியும். அதனை உலையில் சுட்டு இறுகச் செய்வர். துருவைத் தடுக்கும் முதற்காவல் இதுவே. இதன்மேல் பொதுவாக மேற்பரப்பைச் சமன்செய்யும் பூச்சும், அதன்மேல் நிறம் தரும் பூச்சும், எல்லாவற்றிற்கும் மேலாக நிறமற்ற தெளிபூச்சும் அமையும்.

இத்தனை அடுக்குகளும் சேர்ந்து எவ்வளவு கனம் இருக்கும்? ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்குச் சற்று மேல். நீங்கள் பாடம் எழுதும் தாளின் கனம் கிட்டத்தட்ட அவ்வளவே. பளபளப்பைத் தரும் தெளிபூச்சோ அதிலும் ஏறத்தாழப் பாதிதான். நாம் காக்க வேண்டியது அரைத்தாள் கனமுள்ள ஒரு தோலை என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

தொடக்கக் காலத்தில் கார்களுக்கு எண்ணெய் கலந்த வார்னிஷைத் தூரிகையால் பூசி, காய்வதற்கு வாரக்கணக்கில் காத்திருந்தனர். 1923இல் அமெரிக்க நாட்டின் ஓக்லண்டு கார்களுக்கு டியூகோ என்னும் பூச்சு பயன்படுத்தப்பட்டது. வாரங்கள் மணிகளாகச் சுருங்கின. ஆனால் அப்பூச்சு வெயிலில் மங்கும் இயல்புடையது. அடிக்கடி தேய்த்து மெருகேற்றினால்தான் ஒளிவிடும். இன்றைய தெளிபூச்சிற்கு அத்தேய்ப்பு வேண்டுவதில்லை. பூச்சு மாறிவிட்டது, தேய்க்கும் வழக்கம் மட்டும் மாறவில்லை எனலாம்.

இனி, தேய்ப்பதால் விளையும் கேட்டினைப் பார்ப்போம். சாலைத் தூசியில் மணல் கலந்துள்ளது. மணலின் பெரும்பகுதி படிகக்கல் என்னும் குவார்ட்சு. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவையில் அதன் இடம் 7. கண்ணாடியையே கீற வல்லது அது. அத்தகைய தூசி படிந்த காரை உலர்ந்த துணியால் துடைப்பது, உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதற்கு ஒப்பாகும். ஒரு நாளில் தீங்கு தெரியாது. சில திங்கள் சென்றபின் வெயிலில் நின்று பாருங்கள். சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை போன்ற வட்டக் கோடுகள் தோன்றும். உங்கள் வீட்டுப் பழைய எவர்சில்வர் தட்டை விளக்கின் கீழ்ப் பிடித்தாலும் அவ்வலையைக் காணலாம். உண்மையில் கீறல்கள் பல திசைகளிலும் உள்ளன. ஒளியைக் கண்ணுக்குத் திருப்பக்கூடிய கீறல்கள் மட்டும் மின்னுவதால் வட்டமாகத் தோன்றுகின்றன.

வேறு பகைகளும் உண்டு. பறவையின் எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது. வெயிலில் சூடேறி இளகிய பூச்சின்மீது அது காய்ந்து இறுகினால் அழியாத தழும்பு விழும். அதனைச் சுரண்டுதல் கூடாது. ஈரத்துணியைச் சில நிமிடங்கள் மேலே இட்டு, ஊறியபின் மெல்ல ஒற்றி எடுக்க வேண்டும். பூசையன்று இட்ட சந்தனத்தையும் மஞ்சளையும் அவ்வாறே அன்றே கழுவிவிடுதல் நலம். ஆழ்குழாய்க் கிணற்றின் கடினநீர் வெயிலில் உலர்ந்தால், அதிலுள்ள சுண்ணாம்பு உப்புகள் வெண்புள்ளிகளாகத் தங்கிவிடும். ஆகவே நிழலில் கழுவி, உடனே ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். சிறு கல் தெறித்து எஃகு வெளிப்பட்டுவிட்டால், சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று துருவை விரைவுபடுத்தும். அவ்விடத்தில் உரிய பூச்சை உடனே தொட்டு வைப்பதே அறிவுடைமை.

கடையில் விற்கும் காப்புகள் பயன்படுமா என்று கேட்பீர்கள். பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் இலையிலிருந்து எடுக்கும் கார்னோபா மெழுகு, நீர் ஒட்டாமல் சில வாரங்கள் காக்கும். செராமிக் பூச்சு அதனினும் நெடுநாள் உழைக்கும். ஆயினும் தெறிக்கும் கல்லை அது தடுக்காது. கல்லடியைத் தாங்குவது தடித்த பாலியூரித்தேன் படலம். அதன் விலையோ மிகுதி. இவற்றுள் எதை வாங்கினாலும், மணலோடு தேய்க்கும் கைக்கு மாற்று மருந்து ஆகாது.

ஆதலின் முறை எளியது: முதலில் நீர், பின்னரே துணி. நீரை ஊற்றி மணலை வழியவிடுங்கள். ஒரு வாளியில் காருக்குரிய சோப்புக் கரைசலும், மற்றொன்றில் துணியை அலசத் தூய நீரும் வைத்துக்கொண்டு, மேலிருந்து கீழாகக் கழுவுங்கள். கீழ்ப்பகுதியில்தான் மணல் மிகுதி. அது கடைசியில் வரட்டும். 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் ஏரிகள் ஏறத்தாழ வறண்டு, மக்கள் குடங்களுடன் லாரிக்குக் காத்திருந்ததை மறத்தல் ஆகாது. குழாயைத் திறந்துவிட வேண்டுவதில்லை. வாரம் ஒரு முறை மூன்று நான்கு வாளி நீர் போதும். இடைப்பட்ட நாட்களில் தூசி படிந்தால் படியட்டும். படிந்திருக்கும் தூசி கீறுவதில்லை. இழுக்கப்படும் தூசியே கீறுகிறது.

இறுதியாக ஒன்று. நகரத்து அடுக்குமாடி வீடுகளில் விடியற்காலையில் கார் துடைக்கும் தொழிலாளரைக் கண்டிருப்பீர்கள். ஒரு வாளி நீரும் ஒரு துணியும் கொண்டு, ஒருவரே அடுத்தடுத்துப் பல வண்டிகளைத் துடைக்கிறார். பத்தாவது வண்டியை அடையும்போது அவ்வாளியில் இருப்பது நீர் அன்று, மணற்குழம்பு. கீறல் கண்டவுடன் அவரைக் கடிந்துகொள்வோர் பலர். ஆனால் நாள்தோறும் துடைக்குமாறு ஏவியவர் யார்? மாற்று நீரும், நல்ல துணியும், போதிய நேரமும் தராதவர் யார்? அவர் ஊதியத்தைக் குறைக்காமலே, "நாள்தோறும் துடைக்க வேண்டா ஐயா, வாரம் ஒரு முறை நன்றாகக் கழுவுங்கள்" என்று சொல்லி, வேண்டிய நீரையும் துணியையும் கொடுத்துப் பாருங்கள். வண்டியின் மேனியும் காக்கப்படும். அவருடைய முதுகும் சற்று ஓய்வு பெறும்.