மாநாட்டு அறையில் ஒலிக்க வேண்டிய குரல்



மொழிச் சொற்பொழிவு வரிசையில் வலையமைப்புப் பொறியாளன் ஒருவனுக்கு என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். தொழில்நுட்ப மாநாடுகளுக்குச் செல்வது என் தொழிலின் ஒரு பகுதி. அங்கே பேசப்படுவன பெரும்பாலும் கடலடிக் கம்பிவடங்களும் முகவரி ஒதுக்கீடுகளும்தாம். ஆயினும், அத்தகைய அறைகளில் எடுக்கப்பட்ட சில முடிவுகளே இன்று நாம் கணினியில் தமிழ் எழுதும் முறையைத் தீர்மானித்துள்ளன.

இணையத்தின் விதிகளை வகுக்கும் அமைப்புகளுள் முதன்மையானது ஐ.இ.டி.எஃப். எனப்படும் இணையப் பொறியியல் பணிக்குழு. 1986ஆம் ஆண்டு சனவரியில் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் நடந்த அதன் முதற்கூட்டத்திற்கு வந்தவர்கள் இருபத்தொருவர் மட்டுமே. அதற்கு உறுப்பினர் பட்டியல் கிடையாது. விரும்பியவர் எவரும் பங்கேற்கலாம். வாக்கெடுப்பும் இல்லை. அவையின் போக்கை அறிய விரும்பும் தலைவர், ‘இக்கருத்தை ஏற்பவர்கள் முனகுங்கள்’ என்பார். பெரிய பொறியாளர்கள் வாய்மூடி ‘ம்ம்ம்’ என்று ஒலியெழுப்புவார்கள். பிறகு மறுப்பவர்களின் முறை. மகர மெய்க்கு இத்தனை அதிகாரம் வேறெங்கும் உண்டா என்பது ஐயமே. இவ்வமைப்பின் நூறாவது கூட்டம் 2017 நவம்பரில் சிங்கப்பூரில் நடந்தது. 2019 நவம்பரில் மீண்டும் அங்கேயே கூடினார்கள். ஜொகூர் பாருவிலிருந்து பாலத்தைக் கடந்தால் போதும். பாலத்து நெரிசலை அறிந்த உங்களுக்கு அந்தப் ‘போதும்’ என்ற சொல்லின் பொருள் விளங்கும்!

இம்முறையில் ஒரு குறையுண்டு. அறையில் இருப்பவரின் முனகல் மட்டுமே கேட்கும். இராதவரின் மொழிக்கு என்ன நேரும் என்பதற்கு நம் எழுத்தே சான்று.

ஒருங்குறியின் முதற்பதிப்பு 1991இல் வெளிவந்தது. அதில் தமிழுக்குரிய கட்டம் இந்தியாவின் 1988ஆம் ஆண்டு ‘இஸ்கி’ தரத்தைப் பின்பற்றி அமைந்தது. அத்தரமோ தேவநாகரி வரிசையை அடிப்படையாகக் கொண்டது. ஆகவே ககரத்திற்கும் ஙகரத்திற்கும் இடையே, தமிழில் இல்லாத மூன்று எழுத்துகளுக்காக மூன்று வெற்றிடங்கள். னகரம் பகரத்திற்கு முன்னே சென்றது. வகரம் ளகர ழகரங்களுக்குப் பின்னே போயிற்று. கலை, கவி, கழி, களி, கறி, கனி என்பது நம் அகராதி வரிசை. குறியெண்களை மட்டும் நம்பும் மென்பொருளோ இவற்றைக் கனி, கறி, கலை, களி, கழி, கவி என்று அடுக்கும். 1996இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பு முதல், ஒருமுறை இடம்பெற்ற எழுத்தை நீக்குவதோ இடம் மாற்றுவதோ இல்லை என்பது ஒருங்குறியின் உறுதியான கொள்கை. உலகெங்கும் சேமிக்கப்பட்ட ஆவணங்களைக் காக்க அக்கொள்கை தேவை என்பதை நானும் ஏற்கிறேன். அகரவரிசைக்கெனத் தனி விதிகளை எழுதித்தான் இக்குறையை இன்று ஈடுசெய்கிறோம்.

கணினித் தமிழுக்கெனப் பன்னாட்டு மாநாடு ஒன்று அதற்கு அடுத்த ஆண்டில் கூடியது. 1997 மே மாதம், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ‘தமிழ்நெட் 97’ நடைபெற்றது. அதன் முன்னோடி ஒரு பொறியாளர் அல்லர். சிறுகதை எழுத்தாளரும் ஆசிரியர் பயிற்சித் துறையைச் சேர்ந்தவருமான நா. கோவிந்தசாமி அவர்கள் அவர். அப்பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ அவர்களோடு இணைந்து, 1995இலேயே சிங்கப்பூர்க் கவிதைகளைத் தமிழ் எழுத்திலேயே இணையத்தில் ஏற்றியவர். ஓர் ஆசிரியரும் இணைய ஆய்வாளர் ஒருவரும் ஒரே மேசையில் அமர்ந்ததால் விளைந்த செயல் அது. அக்காலத்தில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கெனத் தனிக் குறியீட்டு முறை வைத்திருந்தது. கோலாலம்பூரில் எழுதிய மடல் சென்னையில் வெறும் கிறுக்கலாகத் திறக்கும். நம் நாட்டுப் பொறியாளர் முத்து நெடுமாறன், சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய வேதியியலாளர் கு. கல்யாணசுந்தரம் போன்றோர் இச்சிக்கலில் பல ஆண்டுகள் உழைத்தனர்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த அடுத்த மாநாட்டின் வழியே ‘தமிழ் 99’ விசைப்பலகை உருவாயிற்று. ஆசிரியர்கள் இதைச் சற்றுக் கூர்ந்து நோக்க வேண்டும். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். ப, ந, த, உ என்று தட்டினால் திரையில் ‘பந்து’ என்று வரும். நகரத்தின் மேல் புள்ளியை யாரும் தட்டவில்லை. மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தால் புள்ளி தானே விழும் என்பது அப்பலகையின் விதி. ஒரே மெய் இரட்டித்தாலும் அவ்வாறே. வகுப்பில் நீங்கள் கற்பிக்கும் இனவெழுத்துப் பாடம் அங்கே மென்பொருளாக இயங்குகிறது! தமிழ் இலக்கணம் அறியாதவருக்கு இது தோன்றியிருக்காது. அதே ஆண்டில் கோவிந்தசாமி அவர்கள் மறைந்தது பேரிழப்பு.

2000ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் ‘உத்தமம்’ என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றியது. தமிழ் இணைய மாநாடு 2001இல் கோலாலம்பூருக்கும், 2013இல் மலாயாப் பல்கலைக்கழகத்திற்கும் வந்தது.

இனி, முடியாத வேலைக்கு வருகிறேன். தொடக்கத்தில் இணையப் பெயர்களில் ஆங்கில எழுத்தும் எண்ணும் சிறு கோடும் மட்டுமே இடம்பெற முடிந்தது. பிற எழுத்துகளுக்கான தரம் 2003இல் வந்தது. இன்று இலங்கை, இந்தியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளுக்குத் தமிழ் எழுத்தில் உயர்நிலை இணையப் பெயர் உண்டு. மலேசியாவுக்கு ஜாவி எழுத்தில் உண்டு, தமிழில் இல்லை.

பெயர்களைத் தமிழில் பதிவதிலும் ஓர் இடர் உள்ளது. ‘கௌரி’ என்பதை மாணவர் சிலர் ‘கெளரி’ என்று தட்டுகிறார்கள் அல்லவா? முன்னதில் இரண்டு எழுத்து. பின்னதில் ககர எகரமும் ளகரமும் சேர்ந்து மூன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வெவ்வேறு. ஒருவர் பதிந்த பெயரைப் போலவே தோன்றும் இன்னொன்றை வேறொருவர் பதிந்து, வங்கிக் கணக்கையே கவர முடியும். எவ்வெழுத்துக்குப் பின் எது வரலாம் என்று வரையறுப்பது இதற்கான தீர்வின் ஒரு பகுதி. அது மொழியிறுதி, மொழிமுதல், மெய்ம்மயக்கம் பயின்றவர்களின் துறை. பொறியாளர் மட்டும் கூடி முடிவெடுத்தால், விதி ஒன்று மிகத் தளர்ந்துவிடும். அல்லது வழக்கிலுள்ள நல்ல பெயர்களையே தடுத்துவிடும்.

தமிழ் எழுத்தில் மின்னஞ்சல் முகவரி அமைக்கவும் 2012 முதல் தரம் உண்டு. ஆனால் அத்தகைய முகவரியை ஏற்க மறுக்கும் படிவங்கள் இன்னும் ஏராளம். மாணவர்களே, நீங்கள் எழுதும் முதல் நிரலில் ஒரு படிவம் அமைத்தால், அதில் தமிழ் முகவரியைத் தட்டிப் பாருங்கள். நான் குறிப்பிட்ட பணிக்குழுவின் மடற்குழுக்களில் கட்டணமின்றிச் சேரலாம். வயதையோ பட்டத்தையோ அங்கே கேட்பதில்லை. ஆசிரியர்கள் எவரேனும் எழுத்து விதிகளைப் பற்றி எழுத முன்வந்தால், அதைத் தொழில்நுட்ப மொழியில் வடிக்க நான் உடனிருக்கிறேன். இப்போது உங்கள் வினாக்களைக் கேட்க விரும்புகிறேன்.