தூணாய் நின்ற சோதி



பாலாற்றங்கரையில் வாழும் நமக்கு ஒரு தனிப் பேறு உண்டு. அடிமுடி தேடிய வரலாறு அண்ணாமலையில் தொடங்குகிறது. அதன் நிறைவு நமது விரிஞ்சிபுரத்தில் என்பது தலபுராணம். விரிஞ்சன் என்றால் பிரமன். சோதித் தூணின் முடியைக் கண்டதாகப் பொய்யுரைத்து, தாழம்பூவைச் சாட்சிக்கு அழைத்த அப்பிரமனே இவ்வூரில் சிவசர்மன் என்னும் சிறுவனாகப் பிறந்தான். பூசை செய்யும் முறை அவனுக்கு வந்தது. திருமுழுக்காட்டக் கை எட்டவில்லை, கலங்கி நின்றான். மார்க்கபந்தீசுவரர் தம் முடியைச் சாய்த்துக் கொடுத்தருளினார். அன்னமாய்ப் பறந்தவனுக்கு எட்டாத முடி, கலங்கி நின்ற பிள்ளைக்கு எட்டிற்று! சாய்ந்த அத்திருமேனியை இன்றும் தரிசிக்கிறோம்.

எல்லையில்லாத ஒளியைக் கல்லில் காட்டுவது எங்ஙனம்? கல்லுக்கோ எல்லை உண்டு. இராசசிம்ம பல்லவன் 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுப்பித்த காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலிலேயே சிற்பிகள் இதற்கு விடை கண்டுவிட்டனர். சோழர் கோயில்களில் கருவறையின் மேற்குக் கோட்டத்தைப் பாருங்கள். தூண் பிளந்து பெருமான் தோன்றுவார். மேலே அன்னம், கீழே பன்றி. முழந்தாளுக்குக் கீழே திருவடி தூணுக்குள் மறைந்திருக்கும். செதுக்காமல் விட்ட இடத்தில்தான் சிற்பி முடிவின்மையைச் சொன்னான்.

பிற சமயத்தாரும் இறைவனை ஒளியென்றே கண்டனர். திருக்குர்ஆனின் 24-ஆம் அத்தியாயத்திற்கு ‘ஒளி’ என்பதே பெயர். பிரான்சு நாட்டில் செயின்ட் டெனிஸ் மடத் தலைவர் சூஜே, 1144-இல் தம் தேவாலயத்தின் கிழக்குப் பகுதியை வண்ணக் கண்ணாடிச் சாளரங்களால் நிறைத்து, கதிரவன் ஒளியை உள்ளே வரவழைத்தார். நம் முன்னோர் செய்தது நேர்மாறு. கருவறைக்குப் பெரும்பாலும் சாளரமே வைக்கவில்லை. இருளை வைத்து, அதனுள் ஒரு சுடரை வைத்தனர். வடலூர் வள்ளலாரோ 1872-இல் சத்திய ஞான சபையில், ஏழு திரைகளுக்கு அப்பால் சோதியையே வழிபடு பொருளாக வைத்தார்.

அந்தச் சுடர் இல்லாத கருவறை எப்படியிருக்கும் என்பதை வேலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோட்டையில் சலகண்டேசுவரர் கோயில் தலைமுறை தலைமுறையாக மூர்த்தியின்றிக் கிடந்தது. கல்யாண மண்டபத் தூண்களை வியக்க வந்தவர்கள் உண்டு. கைகூப்ப வந்தவர்க்கு விளக்கில்லை. சத்துவாச்சாரியிலிருந்து இலிங்கத் திருமேனி 1981 மார்ச்சு மாதத்தில் மீண்டும் எழுந்தருளிய பின்னரே அவ்விருளுக்குப் பொருள் வந்தது.

விளக்கு எரிந்தால் மட்டும் போதுமா? அது யார் கண்ணுக்குத் தெரிகிறது என்ற கேள்வி இருக்கிறதே! வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என எங்கும் தோல் பதனிடும் மண் இது. ஆகவே திருநாளைப்போவாரைப் பேசாமல் நான் இறங்கலாகாது. ஆதனூர் நந்தனார் கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும் கொடுத்தவர்; வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுத்தவர். அவர் கொடுத்த தோல் உள்ளே சென்று முழங்கிற்று; அவர் வெளியே நின்றார். திருப்புன்கூரில் வாயிலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார். நந்தி மறைத்தது. பெருமான், ‘நீ உள்ளே வா’ என்று அவரை அழைத்திருக்கலாம். நந்தியை விலகச் செய்தார். தில்லையில் தீ வளர்த்து அதனுள் மூழ்கச் செய்து அழைத்துக்கொண்டார். தீ அவரைத் தூய்மை செய்தது என்று சிலர் பொருள் கூறுவர். அடியேனுக்கு அதில் உடன்பாடில்லை. அழுக்கு அவரிடத்தில் இருந்ததாகச் சேக்கிழார் உள்ளம் எண்ணியிருக்குமா? அதே தில்லைவாழ் அந்தணரே அவரைத் தொழுததாக அல்லவா பாடுகிறார்! 1939-இல் மதுரைத் திருக்கோயிலில் கதவு திறக்கும்வரை எத்தனை நந்தனார்கள் வீதியிலிருந்தே கோபுரத்தைத் தொழுது திரும்பினர்! அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்று இக்கூட்டத்தில் அமர்ந்திருக்கிறார்கள்.

திருப்புன்கூரில் நந்தி இன்றும் சற்றே விலகித்தான் அமர்ந்திருக்கிறது. போய் வாருங்கள்.

தீபாராதனைக்கு மணி அடித்துவிட்டார்கள். முன்னால் இருப்பவர்கள் சிறிது ஒதுங்கி நின்றால், பின்னால் உள்ள பிள்ளைகளுக்கும் சுடர் தெரியும்.