கார்ல் பாப்பரும் யுரேனஸின் சாட்சியமும்



பொருளை நானே தேர்ந்துகொள்ளலாம் என்று இவ்வுரைக்கு அழைத்த துறையினர் எழுதியபோதே, நான் எதைத் தேர்வேன் என்பது முன்வரிசையில் அமர்ந்துள்ள நண்பர் சிலருக்குத் தெரிந்திருக்கும்.

கார்ல் பாப்பர் 1902இல் வியன்னாவில் பிறந்தார். பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே 1934இல் விஞ்ஞான ஆராய்ச்சியின் தர்க்கம் பற்றிய தம் நூலை வெளியிட்டார். 1937இல் நியூஸிலாந்துக்குக் குடிபெயர்ந்து, 1946 முதல் லண்டனில் போதித்து, 1994இல் மறைந்தார். சரித்திரம் இவ்வளவு போதும். எந்தப் பிரத்யட்சம் தோன்றினால் தான் பொய்யாகும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் சித்தாந்தமே விஞ்ஞானம் என்பது அவர் வாதத்தின் சாரம்.

யுரேனஸ் நியூட்டனின் கணக்குப்படி நடக்காதபோதும் வான சாஸ்திரிகள் நியூட்டனைக் கைவிடவில்லை, கண்ணுக்குத் தெரியாத ஒரு கிரகத்தைக் கற்பித்துக்கொண்டார்கள், ஆகவே பாப்பரின் விதியை மெய்யான விஞ்ஞானிகள் அநுசரிப்பதில்லை என்பது என் நண்பர்களின் ஆட்சேபம். இருபது ஆண்டுகளாக இதை மறுத்து வருகிறேன். இன்று நிதானமாக மறுக்க இடம் கிடைத்திருக்கிறது.

1781இல் ஹெர்ஷல் கண்ட யுரேனஸ், 1821இல் பூவார் வகுத்த அட்டவணையினின்று விலகிக்கொண்டே போயிற்று. அவ்விலகலுக்குக் காரணமான கிரகம் ஒன்று இருக்குமாயின் அது வானில் எங்கே நிற்க வேண்டும் என்று வான சாஸ்திரி லெ வெரியே பாரிஸிலிருந்தபடி கணித்து, பெர்லின் வானாய்வுக்கூடத்துக் காலேக்குக் கடிதம் எழுதினார். கடிதம் 1846 செப்டம்பர் 23 அன்று சேர்ந்தது; அன்றிரவே காலே தொலைநோக்கியில் கண் வைத்தார். உடனிருந்த தாரெஸ்ட் என்னும் மாணவர், அச்சாகியும் வெளிநாட்டுக் கூடங்களுக்கு இன்னும் போகாதிருந்த நட்சத்திரப் படத்தைப் பார்க்கலாம் என்றார். காலே ஒவ்வொரு விண்மீனின் இடத்தையும் வாய்விட்டுச் சொல்ல, மாணவர் படத்தோடு ஒப்பிட்டு வர, எட்டாம் பிரகாச வரிசையைச் சேர்ந்த ஒரு விண்மீனுக்கு வந்ததும், அது படத்தில் இல்லை என்று மாணவர் கூவினார். கணித்த இடத்துக்கும் கண்ட இடத்துக்கும் வேறுபாடு ஒரு பாகைக்கும் குறைவு. மறுநாள் இரவு அது நகர்ந்திருந்தது; ஆகவே அது விண்மீனன்று, தேடிய கிரகமே.

நண்பர்கள் கவனியாது விடுவது அந்தப் படத்தைத்தான். படத்தில் வெறுமையாயிருந்த அவ்விடம் வானத்திலும் வெறுமையாயிருந்திருந்தால், லெ வெரியேயின் கணக்கு தப்பென்று அன்றிரவே ஆகியிருக்கும். சித்தாந்தத்தைக் காக்க வந்த அநுமானம் தானே புதியதொரு சோதனைக்குக் கழுத்தை நீட்டியது. சோதனைக்குரிய வாய்ப்பைப் பெருக்கும் துணை அநுமானத்தை ஏற்கலாம், குறைப்பதை ஏற்கலாகாது என்று 1934 நூலிலேயே பாப்பர் விதித்திருக்கிறார். அப்பகுதியைப் படியாமலே அவரை மறுக்கிறார்களே என்பது என் நெடுநாள் மனக்குறை.

அதே லெ வெரியே 1859இல், புதனின் ஞாயிற்றண்மை நிலை நியூட்டனின் கணக்கைவிட நூற்றாண்டுக்கு 38 விகலை மிகையாக நகர்வதைக் காட்டி, சூரியனருகே இன்னொரு கிரகத்தை அநுமானித்தார். வல்கன் என்று பெயரும் இட்டாயிற்று; தேடியும் கிடைக்கவில்லை. பின்னர் 43 விகலை என்று திருத்தப்பெற்ற அம்மிகைக்கு 1915இல் ஐன்ஸ்டைனே விளக்கம் தந்தார். இடையில் அரை நூற்றாண்டு நியூட்டன் அசையவில்லை என்பதை நான் மறைக்கமாட்டேன். சித்தாந்தத்தை எளிதில் விட்டுவிடாத ஓரளவு பிடிவாதம் விஞ்ஞானத்துக்கு வேண்டும் என்று பாப்பரும் எழுதியிருக்கிறார்.

பாப்பருக்குக் கூன், லகடோஷ் ஆகியோர் தந்த மறுப்புகளை விரிக்க நேரமில்லை. பாப்பர் நூலின் 1934 ஜெர்மன் மூலத்தையும் 1959 ஆங்கிலப் பதிப்பில் சேர்ந்த அடிக்குறிப்புகளையும் ஒப்புநோக்குவது ஒரு மாணவருக்குத் தக்க பணி. நிகழ்தகவு பற்றிய பாப்பரின் கொள்கையும், இயற்கைத் தேர்வு குறித்து 1970களில் அவர் கருத்தை மாற்றிக்கொண்டதும் தனித்தனியே ஆராயத்தக்கவை. வல்கனைத் தேடிய வரலாறு பற்றி நான் எடுத்த குறிப்புகள் இரண்டு கட்டுகள் இருக்கின்றன. வேண்டுவோர் வந்து பெற்றுக்கொள்ளலாம்.