மாணவர் ஆய்வும் நம் ஊர் மண்ணும்

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில், மாணவர் ஆய்வரங்கை அடுத்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்து நிமிஷம் பேசுங்கன்னு செயலாளர் சொன்னார். சாப்பாடு தயாராயிட்டதுன்னும் காதோடு சொல்லிட்டுப் போனார். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

இன்று காலையிலிருந்து தமிழ், வரலாறு, பொருளாதாரம், வணிகவியல், கணிதம், இயற்பியல், வேதியியல், விலங்கியல் என்று பல துறை மாணவர்கள் ஆய்வுக் கட்டுரை வாசித்தார்கள். மனசு நிறைஞ்சது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். வேதியியல் மாணவர் மேடை ஏறினால் தமிழ்த்துறை வரிசை காலியாகிறது. தமிழ் மாணவி வந்தால் இயற்பியல்காரர்கள் டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். கடைசியில் கேள்வி கேட்பது அந்தந்தத் துறை ஆசிரியர் மட்டும்தான். இப்படி இருந்தால் எல்லோரும் ஒரே பந்தலில் உட்கார வேண்டிய அவசியம் என்ன? அவரவர் வகுப்பறையிலேயே வாசித்துவிடலாமே!

1914 ஜனவரியில் கல்கத்தாவில் இந்திய அறிவியல் மாநாடு முதன்முதலாகக் கூடியது. வந்தவர்கள் 105 பேர், கட்டுரைகள் 35. தாவரவியல், விலங்கியல், இயற்பியல், வேதியியல், நிலவியல், இனவரைவியல் என்று ஆறு பிரிவுகள். தலைமை தாங்கிய அசுதோஷ் முகர்ஜி கணிதம் படித்தவர், தொழிலால் நீதிபதி! கணக்குப் படித்த நீதிபதி செடியைப் பற்றிய கூட்டத்துக்குத் தலைமை தாங்கலாம் என்றால், நீங்க பக்கத்துத் துறைக்காரர் பேசுவதைக் கொஞ்ச நேரம் கேட்கக் கூடாதா? இன்றும் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் ‘அன்வேஷண்’ என்ற மாணவர் ஆய்வு மாநாட்டை நடத்துகிறது. வேளாண்மையும் மருத்துவமும் பொறியியலும் சமூக அறிவியலும் அங்கே ஒன்றாகத்தான் வருகின்றன.

‘ஆராய்ச்சியெல்லாம் பெரியவங்க வேலை சார், நாங்க டிகிரிதானே படிக்கிறோம்’ என்று சிலர் நினைக்கலாம். சர் சி.வி. ராமன் சென்னை மாநிலக் கல்லூரியில் மாணவராக இருந்தபோது எழுதிய ஒளியியல் கட்டுரை 1906-ல் லண்டன் ‘ஃபிலாசஃபிகல் மேகசின்’ இதழில் வந்தது. வயது பதினெட்டு. அவர் ராமன், நாம் அப்படியா என்று கேட்பீர்கள். சரி, மேதைகளை விடுங்கள். சாதாரண மாணவர்கள் செய்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன். அதுவும் நம்ம பழைய தென்னார்க்காடு மாவட்டத்துக் கதை.

1915-ல் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளாதாரப் பேராசிரியராக வந்தார். இந்த நாட்டுப் பொருளாதாரத்தைச் சீமைப் புத்தகத்திலிருந்து மட்டும் சொல்லித்தர முடியாது என்று அவருக்குப் பட்டது. ஒரு கேள்விப் பட்டியல் தயாரித்து மாணவர்கள் கையில் கொடுத்தார். லீவுக்கு ஊருக்குப் போகிறவர்கள் அவரவர் ஊரைப் பற்றி விசாரித்து எழுதி வரச் சொன்னார். நிலம் யாரிடம், கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, என்ன பயிர் என்று பிள்ளைகள் வீடு வீடாகக் கேட்டு எழுதினார்கள். அவை தொகுக்கப்பட்டு 1918-ல் புத்தகமாக வந்தன. அதில் ஓர் ஊர் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் இருக்கிற இருவேல்பட்டு.

அதோடு முடிந்திருந்தால் இன்று இதை நான் பேச மாட்டேன். அதே ஊர்களுக்கு 1936-37-ல் பேராசிரியர் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் மறு ஆய்வு நடத்தினார்கள். இருவேல்பட்டுக்கு 1961-ல் மார்கரெட் ஹாஸ்வெல் வந்தார். 1981-ல் எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும் வந்தார்கள். 2008-ல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் ஆகியோர் வந்தார்கள். ஒரு தமிழ்நாட்டுக் கிராமத்தில் நிலமும் கூலியும் சாதியும் தொண்ணூறு ஆண்டுகளில் எப்படி மாறின என்று இன்றைக்கு ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. அதற்கு முதல் புள்ளி வைத்தது யார்? லீவில் வீட்டுக்குப் போன மாணவர்கள். கையில் இருந்தது ஒரு நோட்டும் பேனாவும். அவர்கள் உலகத்தைப் பற்றி எழுதப் போகவில்லை; தன் தெருவைப் பற்றி எழுதினார்கள். அதனால்தான் உலகம் திரும்பத் திரும்ப அந்த ஊருக்கு வந்தது.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். விருத்தாசலம் என்றால் வெளியூரில் என்ன சொல்வார்கள்? பழமலைநாதர் கோயில், ரயில்வே ஜங்ஷன், பீங்கான். அந்தப் பீங்கானைப் பற்றி நம்ம கல்லூரி நூலகத்தில் நாமே எழுதியது எத்தனை பக்கம் இருக்கிறது? இதை ஆசிரியர்களைப் பார்த்துக் கேட்கவில்லை. எங்கள் தலைமுறையையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

ஒரு சின்னப் பீங்கான் பொம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். களிமண்ணைத் தண்ணீர் விட்டுக் கூழாக்கி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சுகிறது. சுவரோரமாக மண் படிகிறது. மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டால் உள்ளே கூடான பொம்மை நிற்கிறது. கூழில் கொஞ்சம் சோடியம் சிலிக்கேட் சேர்த்தால் அதிகத் தண்ணீர் இல்லாமலே அது இளகி ஓடுகிறது. ஏன்? வேதியியல் மாணவர் சொல்லணும். சூளையை நெருப்பு அணைந்ததும் திறப்பதில்லை, ஆறவிட்டுத்தான் திறக்கிறார்கள். மண்ணில் உள்ள குவார்ட்ஸ் 573 டிகிரி சென்டிகிரேடில் தன் படிக அமைப்பை மாற்றிக்கொள்கிறது. குளிரும்போது அந்த இடத்தில் சட்டென்று சுருங்கும். அவசரப்பட்டால் பொருள் விரிசல் விடும். இது இயற்பியல் மாணவருக்கு. பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே வெள்ளைக் களிமண் எப்படி வந்து படிந்தது? அது நிலவியல்.

அதே பட்டறையில் பறக்கிற தூசியைப் பாருங்கள். நுண்ணிய சிலிக்காத் தூசி வருஷக்கணக்கில் நுரையீரலில் இறங்கினால் சிலிக்கோசிஸ் வரும். தழும்பு விழுந்த நுரையீரலைப் பழையபடி ஆக்க மருந்து கிடையாது. ஆனால் தடுக்கலாம்: உலர்ந்த தரையைப் பெருக்காமல் ஈரமாக்கித் துடைப்பது, தூசியை உறிஞ்சி வெளியேற்றுவது. விலங்கியல் மாணவர்கள் இதை எளிய தமிழில் இரண்டு பக்கம் எழுதிப் பட்டறையில் வாசித்துக் காட்டினால், அது மதிப்பெண்ணைவிடப் பெரிய பலன் இல்லையா?

நூறு பொம்மை வார்த்தால் சூளையில் எத்தனை உடைகிறது என்று கணக்கு வைக்கப் புள்ளியியல் வேண்டும். கூலி நாளுக்கா, உருப்படிக்கா என்று கேட்கப் பொருளாதாரம் வேண்டும். கார்த்திகைக்கும் நவராத்திரிக்கும் விற்கிற சரக்கு மற்ற மாதங்களில் என்ன ஆகிறது என்பது வணிகவியல். அச்சுக்கும் கூழுக்கும் சூளைக்கும் தொழிலாளிகள் வழங்கும் சொற்களைத் திரட்டுவது தமிழ்த்துறை. அந்தச் சொற்கள் எந்த அகராதிக்காகவும் காத்திருக்காது. தெரிந்த ஒரு பெரியவர் போனால் கூடவே போய்விடும். ஒரு பொம்மைக்குள் இத்தனை துறை உட்கார்ந்திருக்கிறது. ஆகவே ஒரு துறை பேசும்போது இன்னொரு துறை எழுந்து போனால், பொம்மை பாதியில் நின்றுபோகும்.

‘ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது’ என்ற பழமொழி நம்ம ஊர்க் கதையோடு சேர்த்துச் சொல்லப்படுவது. சுந்தரர் இங்கே பெற்ற பன்னிரண்டாயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் இட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்கிறது பெரியபுராணம். அதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. ஆற்றில் இடும் முன்பு அவர் அந்தப் பொன்னில் ஒரு துண்டை மச்சமாக வெட்டி வைத்துக்கொள்கிறார். குளத்தில் எடுத்த பொன்னை அதோடு ஒப்பிட்டு மாற்று உரைத்துப் பார்க்கிறார். கொடுத்தவர் இறைவனே ஆனாலும் உரைத்துப் பார்க்காமல் வாங்கிக்கொள்ளவில்லை! ஆய்வு மாணவனுக்கு இதைவிட நல்ல பாடம் உண்டா? மாதிரியைப் பத்திரப்படுத்து, கிடைத்த முடிவை உரைத்துப் பார். அந்த உரைகல்தான் இந்த ஆய்வரங்கம். உங்கள் துறை தெரியாத ஒருவர், ‘அது சரி தம்பி, இது உனக்கு எப்படித் தெரியும்?’ என்று கேட்பதுதான் உண்மையான உரைப்பு. கடையில் காசு கொடுத்து அச்சடித்து வாங்கிய புராஜெக்ட் அந்த ஒரு கேள்வியில் வெளுத்துவிடும். நீங்களே நடந்து போய்க் கேட்டு எழுதியது நிற்கும்.

முடிவாக மூன்று வேண்டுகோள். மாணவர்களுக்கு: அடுத்த ஆய்வரங்கில் இரண்டு துறை மாணவர் சேர்ந்து ஒரு கட்டுரையாவது கொடுங்கள். அதை ஒரு பீங்கான் தொழிலாளிக்கும் புரிகிற மாதிரி தமிழில் சொல்லுங்கள். அவரையும் அழைத்து முன்வரிசையில் உட்கார வையுங்கள். ஆசிரியர்களுக்கு: கேள்விப் பட்டியலோடும் எடுத்த தேதியோடும் ஒவ்வொரு ஆய்வின் பிரதியையும் நூலகத்தில் வையுங்கள். பத்து வருஷம் கழித்து வருகிற பிள்ளை அதே பட்டறைக்குப் போய் அதே கேள்வியைக் கேட்கட்டும். என்னைப் போன்ற பழைய மாணவர்களுக்கு: மின்விசிறியும் சுவர்க்கடிகாரமும் நிறையக் கொடுத்துவிட்டோம். இனி பஸ் செலவும், ஜெராக்ஸ் செலவும், பைண்டிங் செலவும் கொடுப்போம். பெரிய தொகை இல்லை. முதல் வருஷச் செலவை எங்கள் வகுப்புத் தோழர்கள் ஏற்றுக்கொள்கிறோம்.

இருவேல்பட்டுக்கு ஒரு லீவில் கிடைத்தது விருத்தாசலத்துக்கும் கிடைக்கட்டும்.